ஆழ உழுத சிஸ்டருங்க: சமூக மன்றப் பொங்கல் கூட்டத்துல பேசினது

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மேடையில இருக்கிற தலைவர் ஐயா அவர்களே, வேலையெல்லாம் விட்டுட்டு நமக்காக வந்திருக்கிற அடித்தள அமைப்புப் பெரியவங்களே, காலையிலருந்து நின்னு பொங்கல் வச்ச மகளிர் குழு அக்காமாரே, அப்புறம் ஒஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்லருந்து வந்திருக்கிற அண்ணன்மார், அக்காமார், பெரியம்மா எல்லாருக்கும் தனியா ஒரு வணக்கம். நாற்காலி, மைக், சாப்பாடுன்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்ட தம்பிங்களுக்கும் ஒரு கைத்தட்டு குடுங்க. தலைவர் ஐயா சுருக்கமா பேசச் சொன்னாரு, அவர் பேச்சுக்கு மரியாதை குடுத்து மூணே விஷயம்தான் சொல்லப் போறேன்: ஒண்ணு கன்னியாஸ்திரிங்க நடத்துற ஒரு பண்ணையோட வரலாறு, ரெண்டு நம்ம சிங்கப்பூர்ல தமிழர்களும் மாடும், மூணு பூங்காவுல நமக்குக் குத்தகைக்குக் கிடைக்கிற தோட்டப் பாத்தி.

என்னை ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு நான் எந்தப் பழமொழியச் சொல்வேன்னு தெரியும். அகல உழுவதைவிட ஆழ உழு. இன்னிக்கும் அதேதான்.

அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல பெத்லகேம்னு ஒரு சின்ன ஊரு. அங்க ரெஜினா லாடிஸ்னு பெனடிக்ட் சபை சிஸ்டருங்களோட மடம் இருக்கு. ஆரம்பிச்சவங்க மதர் பெனடிக்ட் டஸ். பிட்ஸ்பர்க்ல பொறந்தவங்க, பாரிஸ்ல டாக்டருக்குப் படிச்சிட்டு 1936ல பிரான்ஸ்ல இருக்கிற ஜுவார் மடத்துல சேந்தாங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க பிரான்ஸைப் பிடிச்சப்ப, அமெரிக்கக் குடியுரிமை இருந்ததால மடத்துக்குள்ளயே ஒளிஞ்சு வாழ்ந்தாங்க. 1944 ஆகஸ்ட்ல அமெரிக்கத் தளபதி பேட்டனோட படை வந்து அந்த ஊரை மீட்டுச்சு, மணிக்கூண்டுல நின்னு அதைப் பாத்தவங்க, இந்த நன்றிய எப்படித் தீக்கிறதுன்னு யோசிச்சு அமெரிக்காவுல ஒரு மடம் கட்டணும்னு முடிவு பண்ணாங்க. கையில காசு கிடையாதுங்க. மதர் மேரி அலீன்னு இன்னொரு சிஸ்டரோட 1946ல நியூயார்க் வந்து இறங்கினாங்க, ராபர்ட் லெதர்னு ஒரு வியாபாரி தன்னோட குன்றைக் குடுத்தாரு, 1947ல மடம் தொடங்கிடுச்சு. பின்னாடி அந்தத் தளபதியோட பேத்தியே அங்க சிஸ்டரா சேந்து மண்ணுல வேலை செய்ய வந்தாங்க. எல்விஸ் பிரெஸ்லியோட நடிச்ச டோலரஸ் ஹார்ட் சினிமாவ விட்டுட்டு 1963ல சேந்ததும் இங்கதான்.

இப்ப சீஸ் கதைக்கு வர்றேன், இதைச் சொல்லாம இறங்க மாட்டேன். மதர் நோயெல்லான்னு ஒரு சிஸ்டர், 1973ல சேந்தவங்க. மடத்துப் பசுவோட பால்ல சீஸ் போடுற வேலை அவங்களுக்கு. பிரான்ஸ்ல ஓவர்ன் பகுதியிலருந்து வந்த ஒரு அம்மா 1977ல கத்துக்குடுத்தாங்க, பாட்டி காலத்து முறை, பச்சைப் பால், பெரிய மரத்தொட்டி, மரத் துடுப்பு. நல்லா ஓடிக்கிட்டிருக்கு. 80கள்ல அமெரிக்காவுல சீஸ்ல லிஸ்டீரியா கிருமி வந்து ஆளுங்க செத்துப்போனாங்க, சுகாதார அதிகாரிங்க ரொம்ப கண்டிப்பாயிட்டாங்க, இங்கயும் வந்து மரத்தொட்டியப் பாத்துட்டு இதைத் தூக்கிப் போடுங்க, எவர்சில்வர்தான் வைக்கணும்னுட்டாங்க. சிஸ்டரும் சரின்னு மாத்துனாங்க. மாத்துனப்புறம்தான் சீஸ்ல ஈ கோலை கிருமி ஏற ஆரம்பிச்சுது! பளபளன்னு கழுவுன பாத்திரத்துல கிருமி, அழுக்குன்னு சொன்ன மரத்துல இல்ல. மதர் நோயெல்லா சண்டை போடலங்க, ஒரு சோதனை பண்ணாங்க. மரத்தொட்டியில ஒரு பங்கு சீஸ், எவர்சில்வர்ல ஒரு பங்கு, ரெண்டுலயும் வேணும்னே ஈ கோலைய விட்டாங்க. எவர்சில்வர்ல அது பெருகிடுச்சு, மரத்துல அழிஞ்சுபோச்சு. காரணம் என்னன்னா, வருஷக்கணக்கா பால் ஊத்தி ஊத்தி அந்த மரத்துக்குள்ள லாக்டிக் பாக்டீரியா குடியிருக்கு, நம்ம வீட்டு உறைமோர் பாலைப் புளிக்க வைக்குதே அதே மாதிரி, அது சீக்கிரமா புளிப்பை உண்டாக்கிடுது, கெட்ட கிருமி அதுல வாழ முடியாது. அதிகாரியும் பாத்துட்டு ஒத்துக்கிட்டாரு, மரத்தொட்டி திரும்ப வந்துடுச்சு. அதோட விடலங்க அவங்க. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துல நுண்ணுயிரியல் படிச்சாங்க, 1994ல ஃபுல்பிரைட் உதவித்தொகையில பிரான்ஸ் போயி ஊர் ஊரா சீஸ் மேல வளர்ற பூஞ்சைய சேகரிச்சாங்க, முனைவர் பட்டமும் வாங்கிட்டாங்க. ஒரே ஒரு சீஸுக்கு இவ்வளவு வருஷம். அகல உழுவதைவிட ஆழ உழு!

இது எப்படிச் சாத்தியமாச்சுன்னு கேட்டா, பெனடிக்ட் சபையில சேர்றப்ப ஒரு வாக்குறுதி குடுக்கணும், சேந்த மடத்துலயே சாகுற வரைக்கும் இருப்பேன்னு. புது மடம் தொடங்கப் போனாத்தான் உண்டு, மத்தபடி வேற ஊரு, வேற பண்ணைன்னு போறது கிடையாது. நம்ம ஊருக்கு 1854ல வந்து விக்டோரியா ஸ்ட்ரீட்டுல பள்ளிக்கூடம் நடத்துன கான்வென்ட் சிஸ்டருங்க வேற சபை, அவங்கள அனுப்புற இடத்துக்குப் போவாங்க. பெத்லகேம் சிஸ்டருங்க அதே மண்ணு, அதே மாடு. மரத்தொட்டிக்குள்ள நல்ல கிருமி குடியேறுற வரைக்கும் யாரும் அவங்கள எழுப்பி விடல, அதுதான் விஷயம்.

ரெண்டாவது விஷயம், நம்ம லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா. அந்தப் பக்கத்துக்கு மலாய்ப் பேரு கண்டாங் கெர்பாவ், அப்படின்னா எருமைக் கொட்டில், பஃபலோ ரோடு பேரே சாட்சி, நம்ம ஆளுங்க அங்க மாடு வச்சிருந்தாங்க, இன்னிக்குப் பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுல பிள்ளைங்க மாட்டை வேடிக்கை பாக்குறாங்க. நேரமாச்சு, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பாக்குறாரு, தோட்டத்துக்கு வந்துடுறேன்.

2014ல கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் 62 பண்ணைங்ககிட்ட, ராணுவப் பயிற்சிக்கு நிலம் வேணும்னு சொல்லி அரசாங்கம் இடத்தக் கேட்டுச்சு. நாட்டுப் பாதுகாப்பு முக்கியம், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. 2030க்குள்ள நம்ம ஊட்டச்சத்துத் தேவையில 30 சதவீதத்தை இங்கயே விளைவிக்கிறோம்னு 2019ல சொன்ன இலக்கும் 2025 நவம்பர்ல மாறிடுச்சு. சரி. ஆனா பூங்காவுல நமக்குக் கிடைக்கிற அந்தச் சின்னப் பாத்தி இருக்கே, மூணு வருஷம்தான் குத்தகை. முதல் வருஷம் மண்ணைப் பதப்படுத்தவே போயிடும், கறிவேப்பிலை நல்லா தழைச்சு நிக்கிற நேரத்துல பாத்தியத் திருப்பிக் குடு, மறுபடி குலுக்கல்ல பேரைப் போடுன்னா எந்தப் பெரியவருக்கு மனசு வரும்? எங்க புளோக்ல ஒரு பாட்டி அப்படித்தான் விட்டுட்டாங்க, இப்ப கீழயே இறங்குறதில்ல. காத்திருக்கிறவங்களுக்கும் இடம் வேணுமேன்னு கேப்பீங்க, நியாயம்தான், அதுக்குப் பாத்தியக் கூட்டணும், இருக்கிறவங்களை எழுப்பி விடக்கூடாது. பாத்தியை நல்லா வச்சிருக்கிறவங்களுக்குத் தொடர முதல் உரிமை குடுக்கணும், குறைஞ்சது பத்து வருஷம். ஆழ உழுன்னு சொன்னா போதுமா, உழுறதுக்குக் காலம் குடுக்க வேணாமா?

இதைக் கேட்டு ஒரு மனு தயாரா இருக்கு, வாசல் மேசையில தம்பி பேனாவோட உக்காந்திருக்காரு. பொங்கல் வாங்குற வரிசைக்குப் பக்கத்துலதான், அடையாள அட்டை தேவையில்ல, பேரும் கையெழுத்தும் போதும். வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஒரு தாள் எடுத்துக்கிட்டுப் போங்க, அடுத்த சனிக்கிழமைக்குள்ள மகளிர் குழு அக்காகிட்ட குடுத்துடுங்க. நன்றி, வணக்கம்.