மாத்திரை இருந்தது, கேட்க ஆள் இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பினாங்குத் தமிழ் நெஞ்சங்களே, வணக்கம்.

நலமாக வாழப் பெரிதும் துணை நிற்பது சுயக்கட்டுப்பாடா, சுற்றமா? சுற்றமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், “தே தாரிக் தேநீரில் சீனியைக் குறை, காலையில் நட, மாத்திரையை நேரத்துக்குப் போடு, இதற்கு எதற்குச் சுற்றம்?” என்று கேட்டார்.

நண்பரே, என் அம்மா தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், முப்பது வருஷம் இருந்தவர். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அப்புறம் தோட்டம் கைமாறியது. பிறை நகரில் ஓர் அடுக்குமாடி வீடு, ஆறாம் மாடி. அப்பாவும் தவறிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். இரத்த அழுத்த மாத்திரை மூன்று அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தது. “ஏம்மா போடலை?” என்றேன். “போட்டா என்ன, போடாட்டி என்னப்பா? யாரு கேக்கப் போறா?” என்றார்.

மாத்திரை கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எப்போது போட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். விழுங்கத்தான் மனசு இல்லை. நீங்கள் சொல்லும் கட்டுப்பாட்டுக்கு வேர் எங்கே இருக்கிறது, பாருங்கள்!

ஒரு வீட்டுக் கதை என்று இதை ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாக அலசி 2010இல் வெளியிட்டார்கள். உறவு வலுவாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல்.

அதற்கும் முன்பு, 1997இல் ஷெல்டன் கோஹென் என்பவர் செய்த ஆய்வு எதிரணிக்கு நேரடிப் பதிலாகவே இருக்கிறது. உடல்நலத்தோடு இருந்த 276 பேரின் மூக்கில் சளிக் கிருமிச் சொட்டு விட்டு, தனியே தங்கவைத்துக் கவனித்தார்கள். குடும்பம், வேலையிடம், அக்கம்பக்கம், வழிபாட்டுக் குழு என்று பல வகை உறவு உள்ளவர்களுக்குச் சளி குறைவாகவே பிடித்தது. புகைப்பழக்கம், தூக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு முழுதாக மறையவில்லை. சீனியும் நடையும் விளக்க முடியாத ஏதோ ஒன்றைச் சுற்றம் செய்கிறது, நடுவர் அவர்களே!

“கூட்டம் என்றால் புறணியும் குடியும்தானே?” என்றும் கேட்டார்கள். சரி, கெடுக்கிற கூட்டமும் உண்டு, நானும் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆனால் கூட்டத்தில் நிற்பது வேறு, சுற்றம் இருப்பது வேறு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் காவடி எடுப்பவரை மட்டும் பார்க்காதீர்கள், அவர் பின்னால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவரைப் பாருங்கள். காவடிக்காரரின் கால் தளர்வது அவருக்கே தெரியும் முன்பு முக்காலி வந்துவிடும். சாலை முழுக்க ஆயிரம் பேர் இருந்தாலும் அவரைத் தாங்குவது அந்த நாலு பேர்தான். அந்த நாலு பேரைத்தான் நான் சுற்றம் என்கிறேன்.

அம்மாவுக்கும் அப்படி நாலு பேர் கிடைத்தார்கள். கீழ்மாடி அக்கா ஒருவர், வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் பூக்கட்டக் கூப்பிட்டார். முதல் இரண்டு வாரம் அம்மா சாக்குச் சொன்னார், மூன்றாம் வாரம் போனார். ஒரு வியாழன் முட்டி வலி என்று போகவில்லை. அன்று லிஃப்ட் வேறு பழுது. இரவு எட்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மூச்சு வாங்க நாலு பெண்கள், ஒருவர் கையில் ரசத் தூக்கு. முதல் கேள்வி, “ஏன் வரலை?”

போன ஞாயிறு இழுப்பறையை மறுபடி திறந்தேன். அட்டையில் நாலே மாத்திரை மிச்சம். “போடாம போனா அக்கா திட்டுவா” என்றார் அம்மா, நார் கிழித்துக்கொண்டே.

நன்றி, வணக்கம்.