எரிஞ்சு விழுற ப்ளஸ் டூ பிள்ளை: திமிரா, மனச்சோர்வா?

"சாப்பிட வாம்மா"ன்னு கூப்பிட்டா கத்துறா. தட்டைத் தள்ளிவிட்டுட்டு ரூம் கதவைச் சாத்திக்கிறா. "வயசுத் திமிரு"ன்னு முடிவு கட்டிடாதீங்க. இந்த வீடியோவைப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.

மனச்சோர்வுன்னா மூலையில உக்காந்து அழணும்னு நினைக்கிறோம். ஆனா டாக்டர்கள் இந்த நோயைக் கணிக்கிற விதியிலேயே, பதின்ம வயசுல சோகத்துக்குப் பதிலா எரிச்சல் இருந்தாலும் கணக்குல சேரும்னு இருக்கு. மொத்தம் 9 அறிகுறி. அதுல 5 இருக்கணும், ரெண்டு வாரம் விடாம இருக்கணும். சோகம் அல்லது எரிச்சல், பிடிச்ச விஷயத்துல நாட்டமில்லாம போறது, இந்த ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா இருக்கணும். கோலம், கிரிக்கெட், ரீல்ஸ் எதுவுமே பிடிக்கலைன்னா கவனிங்க.

காரணங்கள்? குடும்பத்துல ஏற்கெனவே யாருக்காவது இருந்தது, ஸ்கூல்ல கேலி, வீட்டுச் சண்டை, மார்க் பயம். பருவத்துக்கு வந்த பிறகு பெண் பிள்ளைங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு அதிகம்.

ஆனா நான் நிறுத்திப் பேச வந்தது தூக்கத்தைப் பத்தி.

[திரையில்: கடிகாரம்]

டியூஷன் முடிஞ்சு வீட்டுக்கு வர ராத்திரி 9. சாப்பிட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்க 11:30. காலையில 4:30க்கு எழுப்பி விடுறோம். ஆக 5 மணி நேரம். இந்த வயசுக்குத் தேவை 8லேருந்து 10! "சீக்கிரம் படு"ன்னு சொன்னா மட்டும் தூக்கம் வந்துடாது. இந்த வயசுல தூக்கத்தைக் கொண்டுவர்ற மெலடோனின் சுரக்கிறதே லேட்டாகுது. அது சோம்பேறித்தனம் இல்லைங்க, உடம்போட கணக்கு.

அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல 2016ல ஹைஸ்கூல் ஆரம்பிக்கிற நேரத்தை 7:50லேருந்து 8:45க்கு மாத்தினாங்க. பிள்ளைங்க கையில கருவி கட்டி அளந்து பார்த்தா, தினம் 34 நிமிஷம் கூடுதலா தூங்கினாங்க. "லேட்டா ஆரம்பிச்சா இன்னும் லேட்டாத்தானே படுப்பாங்க"ன்னு சொல்றவங்களுக்கு இதைக் காட்டுங்க. நம்ம ஊர் விடியக்கால ஸ்பெஷல் கிளாஸ் பத்தி என் கருத்து: அதை நிறுத்தணும். நீங்க என்ன நினைக்கிறீங்க, கமெண்ட்ல எழுதுங்க.

தூக்கம் கெட்டா மனசு சோரும், மனசு சோர்ந்தா தூக்கம் கெடும். அதனால தூக்கத்தை மட்டும் சரிபண்ணிட்டு விட்டுடாதீங்க.

பேசும்போது ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காராதீங்க. பைக்ல போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது கேளுங்க: "ரெண்டு வாரமா நீ சரியாவே இல்லையேம்மா, என்ன பண்ணுது?" பதில் வர்ற வரைக்கும் சும்மா இருங்க. "எல்லாம் சரியாயிடும்"னு சொன்னா பேச்சு அங்கேயே நின்னுடும்.

"சாகணும்னு தோணுதா?"ன்னும் நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. "ஆமா"ன்னா தனியா விடாதீங்க. மாத்திரை, பூச்சிமருந்து எல்லாத்தையும் பூட்டி வெச்சுட்டு, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

[திரையில்: டெலி மானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416, 24 மணி நேரமும், இலவசம்]

தமிழ்லயே பேசலாம். பிள்ளைதான் பேசணும்னு இல்லை, அம்மா அப்பா நீங்களும் கூப்பிடலாம்.