பத்து மைல் வேகத்தில் போகும் கூட்ஸ் வண்டி

அவையோருக்கு வணக்கம்.

ரயில் என்றால் என்ஜினைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவோம். இன்று சற்றுக் குனிந்து, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையைப் பாருங்கள் என்கிறேன். அமெரிக்காவின் ‘ஷார்ட் லைன்’ ரயில்பாதைகள் பிழைப்பதும் படுத்துவிடுவதும் அந்தக் கட்டையால்தான்.

பெரிய கம்பெனியின் மெயின் லைனிலிருந்து பிரிந்து, தானியக் கிடங்குக்கும் மரவாடிக்கும் ரசாயன ஆலைக்கும் போகும் சிறு சரக்குப் பாதைதான் ஷார்ட் லைன். நம் ஊர் ஆலைகளுக்குப் போகும் தனியார் கிளைத்தடமான சைடிங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சைடிங் ஓர் ஆலைக்கு உரியது. ஷார்ட் லைனோ தனி ரயில்வே கம்பெனி. நியாயமாகக் கேட்பவர் எவரானாலும் அவர் சரக்கை ஏற்றிச்செல்லும் கடமை சட்டப்படி அதற்கு உண்டு.

பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் பாதை 1832-இல் சாசனம் பெற்றது. நீளம் நாலரை மைல்தான். 1908-இல் லங்காஸ்டர் நகரிலிருந்து மின்சார டிராம் வந்ததும் பயணிகள் அதில் ஏறிக்கொண்டார்கள், சரக்கு மிஞ்சியது. பிறகு லாரிகள் அதையும் தின்றன. மூடப்போகும் நிலையில் 1958-இல் ரயில் ஆர்வலர் குழு ஒன்று அதை வாங்கி, சுற்றுலா வண்டி விட்டுக் காப்பாற்றியது. நீராவி என்ஜின் ஓடும் அதே பாதையில் சரக்கு வேகன்களும் போகின்றன.

ஆனால் ஷார்ட் லைன்களில் பெரும்பாலானவை 1980-க்குப் பிறகு பிறந்தவை. 1970-இல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனி திவாலானது. 1980 மார்ச்சில் ராக் ஐலண்ட் என்ற இன்னொரு கம்பெனி ஓட்டத்தையே நிறுத்தியது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. நஷ்டக் கிளைகளைக் கைகழுவும் வழியும் எளிதானது. பெரியவர்கள் விட்டதைச் சிறியவர்கள் வாங்கினார்கள். இன்று ஏறத்தாழ 600 கம்பெனிகள். பெரியவருக்கு நஷ்டமான பாதை சிறியவருக்கு எப்படிக் கட்டுபடியாகிறது? காலையில் வண்டி ஓட்டியவரே மாலையில் கட்டை மாற்றுவார். ஆலைக்காரர் வேகன் கேட்டால், கேட்ட நேரத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்து லாபத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

அவர்கள் வாங்கியது பெரும்பாலும் பல ஆண்டுகள் பராமரிக்காமல் விட்ட பாதை. அழுகாமல் காக்கும் கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய மரக்கட்டைதான் அங்கே வழக்கம். ஜல்லியில் மண் அடைத்தால் தண்ணீர் வடியாது. கட்டை ஊறி அழுகும், ஆணி பிடிப்பு விடும். வளைவில் சக்கரம் வெளிப்பக்கம் தள்ளும்போது தண்டவாளம் விலகும், சாயும். இயல்பான இடைவெளி 1435 மி.மீ. சரக்கு வண்டி மணிக்கு 10 மைல் வேகத்தில் போகும் ‘கிளாஸ் 1’ பாதையில் 1473-க்கு மேல் போகக் கூடாது. மேலும் விரிந்தால் சக்கரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இறங்கிவிடும்.

39 அடி நீளத்தில் ஏறத்தாழ இருபது கட்டை கிடக்கும். நேர்ப்பாதையில் கிளாஸ் 1-க்கு அவற்றில் குறைந்தது ஐந்து நல்லதாக இருக்க வேண்டும். 25 மைல் வேகத்துக்கான கிளாஸ் 2-க்கு எட்டு. எண்ணிக்கை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பரவலாக ஏழெட்டுக் கட்டை கெட்டிருப்பதைவிட, அடுத்தடுத்து நான்கு கெட்டிருப்பது ஆபத்து. தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டையால் சேர்க்கும் இணைப்புக்கு அடியில் கெட்டால் இன்னும் மோசம். வேகன் தாண்டும்போதெல்லாம் இணைப்பு அமுங்கிச் சேற்றைக் கக்கும், கடைசியில் பிளேட் விரிசல் விடும். கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் இணைப்புகள், பிறகு வளைவுகள், நேர்ப்பாதை கடைசி.

முன்பு ஒரு வேகனின் மொத்த எடை 263,000 பவுண்டு; இப்போது வழக்கமானது 286,000, அதாவது ஏறத்தாழ 130 டன். நான்கு அச்சுக்குப் பங்கிட்டால் அச்சுக்கு 32 டன்னுக்கு மேல். நம் நாட்டின் சரக்குத் தனிப்பாதைகளிலேயே 25 டன்தான். பழைய மெல்லிய தண்டவாளமும் மரப்பாலமும் இதைத் தாங்காது. தாங்காவிட்டால் வேகனைக் குறைவாக நிரப்ப வேண்டும். வாடிக்கையாளர் லாரியைத் தேடுவார். என்ஜினிலும் இதே கணக்குதான். ஆறு அச்சு என்ஜின் கூர்மையான வளைவில் தண்டவாளத்தை விரிக்கும், அதனால் ஜி.பி.38 போன்ற நான்கு அச்சு, 2000 குதிரைத்திறன் டீசலையே விரும்புவார்கள்.

இனி அன்றாட வேலை. வேகன்களைக் கைமாற்றும் தடத்தில் பெரிய கம்பெனி விட்டுப்போன வேகன்களை எடுக்க வேண்டும். பிரேக் குழாயில் காற்று நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 5 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் குறைந்தால் வண்டி புறப்படாது. பாதையில் சைடிங் பின்பக்கம் பார்த்துப் பிரிந்தால், தாண்டிப்போய்ப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். முன்பக்கம் பார்த்துப் பிரிந்தால், என்ஜினைச் சுற்றுத்தடம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்த பிறகே வேகனைத் தள்ளமுடியும். அந்தச் சுற்றலில், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டைக் கண்ணால் பார்க்காமல் நகரக் கூடாது. 2022 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கின் 475-ஆம் எண் நீராவி என்ஜின் இப்படிச் சுற்றும்போது பாயிண்ட் சைடிங்குக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற மண்வெட்டும் இயந்திரத்தில் மோதியது.

விட்டுவரும் வேகனுக்குக் கைபிரேக்தான் காவல். காற்று கசியும், நம்பக் கூடாது. 2013 ஜூலை 6-ஆம் தேதி கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் 47 பேர் இறந்தார்கள். 72 கச்சா எண்ணெய் டாங்கர்களுடன் ஒரு சிறு ரயில் கம்பெனியின் வண்டி, ஆளில்லாமல் சரிவில் நிறுத்தப்பட்டிருந்தது. இரவில் என்ஜினில் தீப்பிடிக்க, அணைத்தவர்கள் அதை நிறுத்தினார்கள். பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் நின்றது, காற்று கசிந்தது, வண்டி ஊருக்குள் உருண்டது. போட்டிருந்த கைபிரேக் ஏழு. குறைந்தது 17, நிலைமையைப் பொறுத்து 26 வரை தேவைப்பட்டிருக்கும் என்றது விசாரணை. என்ஜினின் காற்று பிரேக் பிடித்திருக்கும்போதே கைபிரேக்கைச் சோதித்தது அடுத்த தவறு; எது தாங்கியது என்று அதில் தெரியாது.

சரியான வரிசை இது: முதலில் கைபிரேக்குகளை இறுக்க வேண்டும். பிறகு என்ஜின் பிரேக் உட்பட காற்று பிரேக் முழுவதையும் விடுவிக்க வேண்டும். வண்டி அசைகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். அசைந்தால் இன்னும் இரண்டு போட்டு, மறுபடி பார்க்க வேண்டும். அசையாமல் நின்ற பிறகுதான் என்ஜினையும் வேகனையும் இணைக்கும் கப்ளிங்கில் கை வைக்க வேண்டும்.