மீட்ட குதிரையையும் குட்டியையும் பிரிச்சுக் குடுக்கலாமா? – உங்கள் சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல இருந்து ஒரு அம்மிணி அனுப்பியிருக்காங்க. நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்லிர்றேன். ரோட்டோரத்துல எலும்பும் தோலுமா நின்ன ஒரு பெட்டைக் குதிரையைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வந்து காப்பாத்தியிருக்காங்க. சினைன்னு யாருக்கும் தெரியலை. ஒரு நாள் விடியக்காலம் போய்ப் பார்த்தா பக்கத்துல குட்டி நிக்குது, ஆண் குட்டி. இப்ப அதுக்கு ரெண்டு மாசம். இனி வெச்சுப் பார்க்க வீட்டுல வசதி இல்லை. பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் தாயை மட்டும் கேக்குறாரு. நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ல ஒருத்தர் புள்ளைங்க வெளையாடக் குட்டியை மட்டும் கேக்குறாரு. பிரிச்சுக் குடுக்கலாமா, பேப்பர் ஏதாச்சும் வேணுமா, அப்புறம் குட்டி தாயோட சாணியைத் திங்குதே, அது வியாதியான்னு கேட்டிருக்காங்க.

பிரிக்காதீங்க அம்மிணி. ரெண்டு பேருக்குமே இல்லைன்னு சொல்லிருங்க.

ரெண்டு மாசக் குட்டி புல்லைக் கடிக்கும், தாயோட தீவனத்துல வாயை வைக்கும். அதைப் பார்த்துட்டு "அதான் திங்குதே, பால் எதுக்கு?"ன்னு கேப்பாங்க. அது பழகுறதுங்க, வயிறு நிரப்புறது இல்லை. நாலு மாசத்துக்கு முன்னாடி பால் மறக்கடிக்கவே கூடாது, ஆறு மாசம் வரைக்கும் விட்டா நல்லது. வாங்க வர்றவங்க "குட்டிக்கு ஆறு மாசம் ஆயிருச்சு, பார்த்தாலே தெரியுது"ன்னு உங்களையே குழப்புவாங்க. ஒதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்க. நடுப்பல்லு ரெண்டும் மொத வாரத்துலயே வந்துரும். அதுக்குப் பக்கத்துப் பல்லு ஒண்ணரை, ரெண்டு மாசத்துல வரும். ஓரப்பல்லு வர எட்டு, ஒம்பது மாசம் ஆகும். ஓரத்துல வெறும் ஈறா இருந்து, பக்கத்துப் பல்லும் இப்பத்தான் மொளைக்குதுன்னா அது ரெண்டு மாசக் குட்டிதான், யார் என்ன சொன்னாலும்.

இன்னொண்ணு, குட்டி மரியாதை கத்துக்கிறது தாய்கிட்ட. கடிச்சா தாய் காதை மடக்கிட்டு ஒரு இடி வைக்கும், அதோட அடங்கிரும். மனுசப் புள்ளைங்ககூட மட்டும் வளர்ற ஆண் குட்டி, ஆள் மேல ரெண்டு காலைத் தூக்கிப் போட்டுத்தான் வெளையாடும். இப்ப பார்க்க அழகா இருக்கும். ஒரு வருசம் கழிச்சு அதே வெளையாட்டுல சித்தூர்க்காரர் வீட்டுப் புள்ளைக்குக் கை ஒடியும். அப்புறம் குட்டிதான் "முரட்டுக் குதிரை"ன்னு பேரு வாங்கும். ஒரு வயசுக்குள்ள காயடிக்கிறதைப் பத்தியும் டாக்டர்கிட்ட பேசணும், இல்லைன்னா தாயையே விட்டு வைக்காது.

தாயைக் கேக்குறவர் எதுக்குக் கேக்குறாருன்னு விசாரிச்சீங்களா? கல்யாண ஊர்வலத்துக்கா, ரேக்ளாவுக்கா? தத்தமங்கலம் வேலத் திருவிழாவுல நடக்குற குதிரை ஓட்டத்தைப் பார்த்துட்டு ஆசைப்படுறவங்களும் நெறைய. ஒவ்வொரு வருசமும் ஆடி மாசம் அந்தியூர் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா காசு கெடைக்கும்தான், ஆனா யார் கைக்குப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. பட்டினி கெடந்து, குட்டியும் போட்டு, பாலும் குடுக்குற ஒடம்பு அது. இப்போதைக்கு அது மேல யாரும் ஏறக் கூடாது.

நான் பார்க்கச் சொல்றது, ஏற்கெனவே ஒரு சாதுவான குதிரை வெச்சிருக்கிற, ரெண்டையும் சேர்த்து ஏத்துக்கிற ஆள். அங்க காயடிக்காத ஆண் குதிரை இருந்தா வேண்டாம். குட்டி போட்டு ஒம்பது, பத்து நாள்லயே பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்துரும். உங்க தோட்டத்துப் பக்கம் இதுக்குள்ள ஆண் குதிரை ஏதாச்சும் வந்துச்சான்னும் யோசிச்சுப் பாருங்க. வந்திருந்தா சினை பார்த்துட்டுத்தான் குடுக்கணும்.

அவங்ககிட்ட மொதல்ல கேக்க வேண்டியது, என்ன தீவனம் போடுவீங்கன்னு. நம்ம பாலக்காட்டு எல்லையில எல்லாரும் மாட்டுப் பண்ணைக்காரங்க. கோ-4 புல்லு, வைக்கோல், தவிடு. மாட்டுக்குச் சரி. குதிரைக்கு அதுவே முழுத் தீவனமா இருந்தா ஆகாது. அந்த நேப்பியர் வகைப் புல்லுல ஆக்சலேட் சத்து ஜாஸ்தி. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், குதிரை ஒடம்புல சேர விடாது. தவிட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, அது இன்னும் மோசமாக்கும். ஒடம்பு எலும்புல இருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். பால் குடுக்குற தாயும் வளர்ற குட்டியும்தான் மொதல்ல மாட்டும். கால் தாங்கும், நாள்பட்டா மூஞ்சி எலும்பு ரெண்டு பக்கமும் புடைச்சுக்கும். அதனால குதிரை மசால் (லூசர்ன்னு சொல்ற தீவனப் பயிர்), அருகம்புல், ஊற வெச்ச கொள்ளு கொஞ்சம், தாது உப்பு. இப்படிச் சொல்ற ஆளுக்குக் குடுங்க. தண்ணி இந்த வெயிலுக்கு நாள் பூரா தொட்டியில நெறஞ்சே இருக்கணும்.

முக்கியமா ஒண்ணு. கோழிப்பண்ணை இருக்கிற எடமா இருந்தா, தீவன மூட்டை இருக்கிற ரூமுக்குக் கதவு இருக்கான்னு பாருங்க. கறிக்கோழித் தீவனத்துல ரத்தக்கழிச்சலுக்குன்னு மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து கலப்பாங்க. கோழி தாங்கும், குதிரைக்கு இதயமே நின்னுரும். கொஞ்சம் தின்னாலும் ஆபத்துங்க.

பேப்பர் விசயம். போலீஸ்ல வழக்கு ஏதாச்சும் பதிவாகியிருந்தா, கோர்ட் உத்தரவு இல்லாம நீங்க யாருக்கும் குடுக்க முடியாது, அது வழக்குச் சொத்து. வழக்கு இல்லைன்னாலும் கண்டெடுத்ததைப் பஞ்சாயத்துலயும் ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு ஒருத்தன் "என் குதிரை"ன்னு வந்து நிப்பான். அப்புறம் ரத்தப் பரிசோதனை. கிளாண்டர்ஸ்னு ஒரு நோய், குதிரைக்கிட்ட இருந்து மனுசனுக்கும் தொத்தும். எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாத குதிரைக்கு இதைப் பார்க்காம வேற லாயத்துக்கு அனுப்பக் கூடாது. அரசு கால்நடை மருத்துவர்கிட்ட சொன்னா ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. ஹிசார்ல குதிரைக்குன்னே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கு. முடிவு வர்ற வரைக்கும் மூக்குல சளி வடியுதா, கால்ல கட்டி கட்டியா இருக்கான்னு பார்த்துக்கங்க. புண்ணு இருக்கிற கையோட தொடாதீங்க. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் போட்டுருங்க, தாய்க்கு முன்னாடி போட்டிருக்க வாய்ப்பில்லை.

வேலந்தாவளம், கோபாலபுரம் வழியா மாநில எல்லையைத் தாண்டுறதா இருந்தா டாக்டர் சான்று கையில இருக்கணும். வண்டியை மண்மேட்டுல பின்பக்கமா ஒட்டி நிறுத்துங்க, தாயை மெதுவா ஏத்துங்க. குட்டியை ஒரு கை நெஞ்சுக்கு முன்னாடி, ஒரு கை பின்தொடைக்குப் பின்னாடி குடுத்து அணைச்சு ஏத்தணும். கயித்தைப் போட்டு இழுக்காதீங்க, பின்னால மல்லாந்து விழும். வண்டிக்குள்ள தாயைக் கட்டுங்க, குட்டியைக் கட்டாதீங்க. வழியில பால் குடிக்கணும். பகல் வெயில்ல வேண்டாம், விடியறதுக்குள்ள போய்ச் சேருங்க.

எழுதி வாங்கிக்கங்க: ஆறு மாசம் வரைக்கும் பிரிக்க மாட்டேன், விக்க மாட்டேன், முடியலைன்னா உங்ககிட்டயே திருப்பித் தர்றேன்னு. கையெழுத்துப் போடத் தயங்குறவர் வேண்டாம்.

சாணி திங்கிறது... அது வியாதி இல்லைங்க. குடல்ல நல்ல கிருமி சேர்றதுக்காக மொதல் ஒண்ணரை மாசம் எல்லாக் குட்டியும் திங்கும். உங்க குட்டிக்கு ரெண்டு மாசம்னா இனிமே குறையணும். கூட மண்ணையும் நக்குச்சுன்னா தாது உப்புக் கட்டி ஒண்ணு தொங்க விடுங்க. மொத பூச்சி மருந்துக்கும் இதுதான் நேரம், எடை பார்த்து டாக்டர் சொல்ற அளவு மட்டும்.