பாறைக்கு ஏற முடியாத பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜவ்வாது மலையில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பிறகு பாடம் இணையவழிக்கு மாறியது. என் வகுப்பில் 31 பிள்ளைகள். ஒன்பது வீடுகளில்தான் இணைய வசதியுள்ள கைப்பேசி இருந்தது, அதுவும் அப்பாவுடையது. அவர் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ தோட்ட வேலைக்குக் கிளம்பினால் கைப்பேசியும் கூடவே போய்விடும்.

சிக்னல் வேண்டுமானால் ஊருக்கு மேலே உள்ள பாறைக்கு ஏற வேண்டும். கைப்பேசிக் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே குன்று நிற்கிறதே! மின்சாரம் போனால் பேட்டரி தீரும் வரைதான் கோபுரமும். பாறையில் ஏறியவர்களுக்கும் என் முகம் திரையில் உறைந்து நின்றது, குரல் துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்படி எவ்வாறு சொல்லிக்கொடுப்பது?

ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: வகுப்புக்கு வந்த எல்லோரும் பையன்கள். "பாறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார், டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. அந்தத் தாயின் அச்சத்தில் என்ன தவறு? காட்டுப் பாதையில் நானும் என் மகளை அனுப்பியிருக்க மாட்டேன்.

அன்றோடு நேரலையை விட்டுவிட்டேன். ஒரு மணி நேரக் காணொலி வகுப்பு சில நூறு எம்பி (மெகாபைட்) டேட்டாவை விழுங்கும். பத்து நிமிடக் குரல் பதிவு இரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும். அண்ணன் ஒருமுறை பாறைக்கு ஏறி நான்கு நாள் பாடத்தை இறக்கி வந்தால், இரவில் தங்கைகளும் கேட்கலாம். கைப்பேசியே இல்லாத வீடுகளுக்குக் கையால் எழுதிய பயிற்சித்தாள்களை ரேஷன் கடையில் வைத்தேன். அரிசி வாங்க எல்லோரும் அங்கே வந்துதானே ஆக வேண்டும்!

இது எங்கள் மலையின் கதை மட்டுமல்ல. பொருளியலாளர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமங்களில் 8 விழுக்காட்டினரே இணையத்தில் ஒழுங்காகப் படித்தார்கள். 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தன. ஆனால் இன்றும் மழைக்காக விடுமுறை விட்டால் காணொலி இணைப்புதான் வருகிறது. பாடம் தயாரிப்பவர்களிடம் கேட்கிறேன்: அதே பாடத்தைக் குரலிலும் பதிவு செய்து அனுப்புங்கள், அச்சிட்ட தாள் ஒன்றும் கொடுங்கள். முடிந்தால் இந்த வானொலியிலும் ஒலிபரப்புங்கள். இதைக் கேட்க எங்கள் பெண் பிள்ளைகள் பாறைக்கு ஏற வேண்டியதில்லை.