செகண்ட் ஹேண்ட் பிக்கப்புக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா?

வணக்கம் நண்பர்களே. இங்கே நிற்பது அசோக் லேலண்ட் தோஸ்த், பிஎஸ் 4 வண்டி. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், டர்போ வைத்த காமன் ரெயில் டீசல் இஞ்சின். இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் என் கைக்கு வந்தது. முந்தைய ஓனர் காய்கறி லோடு அடித்தவர். "என்ன ஆயில் ஊற்றினீங்க அண்ணே?" என்று கேட்டேன். "நல்ல ஆயில்தான் தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. எத்தனை கை மாறியது என்பது ஆர்சி புத்தகத்தில் இருக்கும், வயிற்றுக்குள் என்ன போனது என்பது எங்கேயும் இருக்காது.

இதற்கு சிந்தெடிக் ஊற்றலாமா என்று பட்டறையில் கேட்டால், "பழைய இஞ்சின், லீக் அடிக்கும், கையே வைக்காதே" என்கிறார்கள். ஆயில் கடையில் கேட்டால், "கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுங்க, இஞ்சின் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார்கள். இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறார்கள்.

முதலில் பட்டறைக்காரர் சொல்வது. இந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் 1970களில் கார்களுக்கு சிந்தெடிக் ஆயில் வந்தது, மொபில் 1 வந்தது 1974இல். சிந்தெடிக் ஆயிலில் இருக்கிற பிஏஓ என்கிற அடிப்படை எண்ணெய் ரப்பர் சீலைக் கொஞ்சம் சுருங்க வைக்கும். ஆரம்ப காலத்தில் லீக் புகார் வந்தது அதனால்தான். அப்புறம் சீலை உப்ப வைக்கும் எஸ்டர் போன்றவற்றை அளவு பார்த்துக் கலந்து அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். இன்றைக்கு டப்பாவில் வருகிற ஆயில் நல்ல சீலைக் கெடுக்காது. ஆனால் உங்கள் வண்டியின் சீல் ஏற்கெனவே காய்ந்து கல்லாகி, அந்த இடுக்கை பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்தால், புது ஆயில் அந்தக் கசடைக் கரைத்ததும் ஒழுகத்தான் செய்யும். ஓட்டை முன்பே இருந்தது, இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். கசடைக் கரைக்கிற டிடர்ஜென்ட் சாதாரண மினரல் டீசல் ஆயிலிலும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஆயில் வாங்கப் போகும் முன் இஞ்சினைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். இது ஆயில் ஊற்றுகிற மூடி. திருப்பி உள்பக்கம் பாருங்கள். பழுப்பு நிறத்தில் லேசான படலம் இருக்கிறது, விரலால் தேய்த்தால் உலோகம் தெரிகிறது. இது பரவாயில்லை. கறுப்பாக, வண்டி மை மாதிரி கெட்டியாக அப்பியிருந்தால் உள்ளே கசடு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். காபி நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் கூலண்ட் ஆயிலில் இறங்குகிறதா என்று உடனே பாருங்கள். மழைக்காலத்தில் பக்கத்துப் பக்கத்து ஓட்டம் மட்டும் ஓடுகிற வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை படியலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயில் அளவு பார்க்கிற குச்சியிலும் அப்படியே இருந்தால்தான் ஆபத்து.

இப்போது இஞ்சினை ஓடவிட்டு மூடியை எடுக்கிறேன். லேசாக ஆவி வருகிறது. இதுவே குபுகுபுவென்று புகை அடித்து, மூடியை மேலே வைத்தால் தள்ளிவிடுகிற அளவுக்கு இருந்தால், நம்ம ஊர் மேஸ்திரிகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். ரிங், லைனர் தேய்ந்த வண்டி. அதற்கு விலை கூடின ஆயில் ஊற்றுவது காசைப் புகையாக விடுவது. அந்தப் பணத்தை இஞ்சின் வேலைக்கு எடுத்து வையுங்கள்.

சரி, இஞ்சின் நன்றாக இருக்கிறது. அப்போது சிந்தெடிக்கால் நமக்கு என்ன லாபம்? இங்கேதான் பலர் டப்பாவில் இருக்கிற நம்பரைப் பார்த்து மயங்குகிறார்கள். நாம் பழகியது 15டபிள்யூ-40. சிந்தெடிக் பெரும்பாலும் 5டபிள்யூ-40. டபிள்யூ என்பது குளிர்காலக் கணக்கு. 15டபிள்யூ ஆயிலின் குளிர் ஸ்டார்ட் சோதனையை மைனஸ் 20 டிகிரியில் செய்கிறார்கள், 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30. நாமக்கல்லில் மார்கழிக் காலையில் எவ்வளவு குளிரும், சொல்லுங்கள்! ஊட்டிக்கு லோடு ஏற்றிப்போய் இரவு அங்கேயே தங்கினாலும் அந்தக் கணக்கு நம்ம பக்கம் வராது. பின்னால் இருக்கிற 40தான் இஞ்சின் சூடான பிறகு உள்ள கெட்டித்தன்மை. இரண்டு டப்பாவிலும் அது 40தான், 100 டிகிரியில் இரண்டும் ஒரே வரம்புக்குள் வரும். ஆக, 5 என்ற எண்ணுக்காக நாம் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

லாபம் இருப்பது சூட்டில். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். தொப்பூர் கணவாயில் முழு லோடோடு ஏறி, மேலே டீக்கடையில் நிறுத்தி, உடனே சாவியைத் திருப்பினால் அந்த பேரிங்கில் நிற்கிற ஆயில் அங்கேயே வேகும். மினரல் ஆயில் சீக்கிரம் கருகிக் கரியாகப் படியும், சிந்தெடிக் அதிக நேரம் தாங்கும். சூட்டில் ஆவியாகிக் குறைவதும் பொதுவாகக் குறைவு. என்னைக் கேட்டால் டர்போ வண்டிக்கு இந்த ஒரு காரணம் போதும். ஆனால் எந்த ஆயில் ஊற்றினாலும் ஏற்றம் ஏறி வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். அதற்குக் காசு கிடையாது.

சிந்தெடிக் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே மாதிரி இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து, ஹைட்ரஜன் கொடுத்து மிகவும் சுத்தம் செய்த எண்ணெய்க்கு குரூப் 3 என்று பெயர். ரசாயன முறையில் கட்டி எழுப்பிய பிஏஓ என்பது குரூப் 4. குரூப் 3ஐ கேஸ்ட்ரால் சிந்தெடிக் என்று விற்றபோது மொபில் புகார் கொடுத்தது. 1999இல் அமெரிக்காவின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு கேஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து இரண்டுக்கும் ஒரே பெயர். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நல்ல குரூப் 3 ஆயில் நம்ம வேலைக்குத் தாராளம்.

நீங்கள் பார்க்க வேண்டியது டப்பாவின் பின்பக்கம் இருக்கிற ஏபிஐ தர எழுத்து. சி என்று தொடங்கினால் டீசலுக்கு, எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. டீசலில் சிஐ-4, அதற்குப் பிறகு சிஜே-4, 2016 கடைசியில் வந்தது சிகே-4. கையேட்டில் போட்டிருப்பதற்குக் கீழே இறங்காதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டியில் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி, இருந்தால் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். புகைக்கரியை டிபிஎஃப் எரித்துவிடும், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே அடைத்துக்கொள்ளும். அந்த வண்டியில் சாதாரண சிஐ-4ஐ மலிவு என்று ஊற்றிவிட்டு அப்புறம் டிபிஎஃப் மாற்றினால், மிச்சம் பிடித்த காசு எங்கே போகும் என்று தெரியும்.

நான் செய்தது இதுதான். வாங்கியதும் சாதாரண 15டபிள்யூ-40 மினரலும் புது ஃபில்டரும் போட்டு, வழக்கத்தில் பாதி தூரம் மட்டும் ஓட்டி இறக்கினேன். கசடு மெதுவாகக் கழுவி வரட்டும் என்றுதான். கசடை ஒரேயடியாகக் கழுவுகிற ஃப்ளஷ் ஊற்றவில்லை, ஊற்றவும் சொல்ல மாட்டேன். கசடு மொத்தமாகப் பெயர்ந்து கீழே இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால் ஆயில் பம்புக்கு ஆயில் ஏறாது. அந்த ஓட்டத்தில் சொட்டு விழவில்லை, குச்சியில் அளவும் இறங்கவில்லை. அதனால் இன்றைக்கு சிந்தெடிக் மாற்றுகிறேன்.

இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். கொதிக்கக் கொதிக்க இறக்கிக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். ட்ரெயின் போல்டை பனியன் வேஸ்டால் துடைத்துப் பாருங்கள், உலோகப் பொடி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. வாஷர் புதிது போடுங்கள், அது சின்னச் செலவுதான். ஃபில்டர் ரப்பரில் விரலால் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். உள்ளே கொஞ்சம் பழைய மினரல் ஆயில் நிற்கத்தான் செய்யும், இரண்டும் கலக்கும், பிரச்சினை இல்லை. ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைகிறதா பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துக் குச்சி பாருங்கள்.

சில நாளில் ஆயில் கறுத்துவிடும். டீசல் இஞ்சினில் அது இயல்பு, புகைக்கரியை ஆயில் சுமக்கிறது என்று அர்த்தம். விலையைப் பொறுத்தவரை கடைக்குக் கடை மாறும், ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். "இரண்டு மடங்கு கொடுத்தேன், இரண்டு மடங்கு ஓட்டுவேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். புகைக்கரியும் ஆயிலில் இறங்குகிற டீசலும் சிந்தெடிக் என்று பார்த்து வராமல் இருக்காது. கம்பெனி சொன்ன தூரத்தில்தான் நான் மாற்றப் போகிறேன். லாங் ரூட் லாரி வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் ஆயில் சாம்பிளை லேபில் கொடுத்து, இரும்பும் கரியும் எவ்வளவு என்று பார்த்துத் தூரத்தைக் கூட்டலாம். டர்போ இல்லாத பழைய டாடா 407 மாதிரி வண்டிக்கு நான் சிந்தெடிக்கே சொல்ல மாட்டேன். நல்ல மினரல், நல்ல ஃபில்டர், நேரத்துக்கு மாற்றுங்கள்.

இந்தக் காலி டப்பாவை இப்படி ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு குத்து குத்திவிட்டு, லேபிளையும் கிழித்துப் போடுங்கள். முழுசாகக் கொடுத்தால் அதே டப்பாவில் வேறு ஏதாவது நிரம்பித் திரும்பக் கடைக்கு வரும். இறக்கின பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறை பேரலில் கொடுங்கள். அடுத்து கிரவுன் ஆயிலை, அதாவது பின் ஆக்சில் கியர் ஆயிலை, திறக்கப் போகிறேன், அது எப்போது மாற்றியது என்று அந்த அண்ணனுக்கும் ஞாபகம் இல்லையாம். பார்ப்போம்.