உள்ளே நின்றவனுக்குத்தான் கேட்கிற உரிமை

நடுவர் அவர்களே, களுவாஞ்சிகுடிச் சபையோரே, வணக்கம்.

பெரிய கூட்டணிக்குள் போன சிறிய இடதுசாரிக் கட்சி மக்களுக்குப் பயன்பட்டதா, தன்னைத் தொலைத்ததா என்பது தலைப்பு. பயன்பட்டது என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் அண்ணன் தன் நேரத்தில் பாதிக்கு மேல் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் கடனை மறுகா தீர்க்கிறேன். முதலில் வயலுக்குப் போவோம்.

1956இல் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதற்குள் ஒரு சின்னக் கட்சி, பிலிப் குணவர்தனாவின் புரட்சிகர லங்கா சமசமாஜக் கட்சி. ஒரு கைப்பிடி ஆட்கள்தான். ஆனால் பிலிப் கேட்டு வாங்கிய அமைச்சு எது? விவசாயம், உணவு, கூட்டுறவு. அந்த நாற்காலியில் இருந்துதான் 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கினார். இன்றைக்கு நாம் 'சங்கக்கடை' என்கிறோமே, அது இந்தச் சங்கங்களின் கடைதான். கூப்பனோடு வரிசையில் நின்ற ஆச்சிமார் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த வருடம், 1958இல், நெற்காணிச் சட்டம். போடியார், அதாவது பெரிய காணிக்காரர், குடும்பத்தார் யாரும் முன்வரிசையில் இருந்தால் கோபிக்கக் கூடாது. அதுவரை அடுத்தவர் காணியில் வேளாண்மை செய்தவருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது? இந்தப் போகம் வட்டையில் நிற்பார், அடுத்த போகம் போடியாரின் முகத்தைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும். அந்த மனிதரைக் காணிக்காரர் நினைத்தபடி எழுப்ப முடியாது, குத்தகைக்கு உச்சவரம்பு உண்டு, வயல் விசயத்தைத் தீர்மானிக்கப் பயிர்ச்செய்கைக் குழு வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஏட்டில் இருந்ததெல்லாம் வரம்பில் நடந்ததா? இல்லை. சட்டம் வருகிறதென்று கேட்டதுமே குத்தகைக்காரரைக் கிளப்பிய காணிக்காரர் நாடெங்கும் இருந்தார்கள். அமைச்சரவைக்குள்ளேயே மசோதாவின் பல்லைப் பிடுங்கினார்கள். அண்ணன் இதைச் சொல்லியிருக்கலாம். கொல்வினிலேயே நேரம் போய்விட்டது.

1959இல் வலதுசாரி அமைச்சர்கள் பிலிப்போடு அமைச்சரவையில் உட்காரமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். அவருடைய பொறுப்புகளைக் குறைத்தார்கள். அவர் வெளியேறினார். "பார், கறிவேப்பிலை மாதிரி எறிந்துவிட்டார்கள்" என்று எதிரணி கைதட்டும். தட்டட்டும். போனவர் பிலிப், சட்டம் போகவில்லை, சங்கமும் போகவில்லை. அவர் கூட்டுறவுக்கு ஒரு வங்கி கேட்டு முட்டிமோதினார், நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1961இல், கூட்டுறவுச் சமாசங்களின் வங்கியைத் தன்னுள் எடுத்துக்கொண்டு மக்கள் வங்கி பிறந்தது. திறந்தவர்கள் வேறு ஆட்கள். கேட்ட வாய் அந்தச் சின்னக் கட்சியின் வாய்.

இப்போது கொல்வினுக்கு வருகிறேன், அண்ணன்.

1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற கருத்தைப் பாராளுமன்றத்தில் முழங்கிய மனிதர் கொல்வின். அதே மனிதர் 1970 கூட்டரசாங்கத்தில் அமைச்சராகி 1972 யாப்பை வரைந்தார். அதற்கு முன்பிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, சிறுபான்மையினருக்கு இருந்த அந்த ஒற்றைக் காப்பு, காணாமல் போனது. அதைத் தமிழன் எவனும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. பிலிப்பும் 1956இல் அந்த மொழிச் சட்டத்தின் பக்கம்தான் நின்றார். மறைக்க மாட்டேன்.

ஆனால் கேட்கிறேன்: அது உள்ளே போனதன் குற்றமா, என்ன கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள் என்பதன் குற்றமா? கொல்வினின் சமசமாஜிகள் தோட்டத்தையும் வங்கியையும் காணி உச்சவரம்பையும் பேரம் பேசினார்கள்; அவற்றில் கிடைத்ததும் உண்டு. மொழியைப் பேரப் பலகையில் வைக்கவே இல்லை. வைக்காத பொருளுக்கு விலை கிடைக்குமா? 1975இல் கூட்டணியில் இருந்து தூக்கப்பட்டார்கள், 1977இல் ஓர் ஆசனமும் இல்லை. தமிழரும் அவர்களுக்காக அழவில்லை.

சரியாகக் கேட்டுப் போனவர் உலகத்தில் உண்டா? இங்கிலாந்தைப் பாருங்கள். முதலாம் உலகப் போரில் அங்கே கூட்டுறவுக் கடைகளுக்கு உணவுப் பங்கீட்டில் ஓரவஞ்சனை நடந்தது. கடைக்காரர்கள் கோபத்தில் 1917இல் ஒரு கட்சியே தொடங்கிவிட்டார்கள்: கூட்டுறவுக் கட்சி. தனியாக ஆட்சி பிடிக்கும் கனவில் காலத்தைக் கழிக்கவில்லை. 1927இல் தொழிற்கட்சியோடு உடன்பாடு செய்தார்கள். ஒருவருக்கு எதிராக மற்றவர் நிற்பதில்லை. வேட்பாளர் இரண்டு கட்சியின் பெயரிலும் நிற்பார். ஆனால் உறுப்புரிமை தனி, மாநாடு தனி, கொள்கை தனி. கிட்டத்தட்ட நூறு வருடமாகிறது. கரைந்தார்களா? 2024 தேர்தலில் 43 பேர் அந்த இரட்டைப் பெயரில் பாராளுமன்றம் போனார்கள். கூட்டுறவுத் துறையை இரண்டு மடங்காக்குவோம் என்று தொழிற்கட்சி தன் விஞ்ஞாபனத்திலேயே எழுதியது. நூறு வருடம் ஒரே விசயத்தைக் காதுக்குள் ஓதிக்கொண்டிருந்தவன் வீட்டுக்குள் இருந்தான், அதனால் எழுதியது.

இங்கே உன்னிச்சைக் குளத்தில் வேளாண்மைப் போகத் தொடக்கக் கூட்டம் நடக்கும்போது, வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைக்கண்டத்துக்காரன் என்ன செய்வான்? பெரிய காணிக்காரர் எல்லாம் முன்னால் இருக்கிறார்கள், என் பேச்சு எடுபடாது என்று வீட்டில் படுப்பானா? படுத்தால் தண்ணீர் திறக்கும் திகதியை மற்றவர்கள் வைப்பார்கள். அவன் போவான். சத்தம் போடுவான். முழுதும் கிடைக்காது, தன் வாய்க்காலுக்கு முறை கேட்டு வாங்கி வருவான்.

எதிரணி சொல்வது, வெளியில் சுத்தமாக நில் என்று. நல்லது. 1958 நெற்காணிச் சட்டத்தை வெளியில் சுத்தமாக நின்ற எந்தக் கட்சி கொண்டுவந்தது? பலநோக்குச் சங்கத்தை எந்தக் கட்சி தந்தது? அடுத்துப் பேச வரும் தங்கச்சி இந்த இரண்டுக்கும் ஒரு பெயர் சொல்லட்டும், என் புள்ளியையும் அவருக்கே போடுங்கள், நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டது, இருக்கிறேன்.